புது .32 ரிவால்வர்: குறையா, கிரீஸா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் லைசன்ஸ் கிடைத்து, .32 ரிவால்வர் வாங்கி, பத்தே நாளில் என்னைத் தேடி வந்தார். "அண்ணா, இதென்னங்ணா, டிரிகரே இழுக்க மாட்டேங்குது. சிலிண்டர் சுத்தவே மாட்டேங்குது. காசெல்லாம் போச்சுங்களா?" என்றார். துப்பாக்கியை நான் வாங்கிப் பார்க்கவில்லை. லைசன்ஸ் அவர் பெயரில் இருக்கிறது, ஆகவே ஆயுதம் அவர் கையில்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவரே செய்தார். முக்கால் மணி நேரம். துடைத்து எடுத்த துணியெல்லாம் பழுப்பு நிறத்தில் பிசுபிசுத்தது. அதற்குப் பிறகு தோட்டா போடும் சிலிண்டர் கடிகாரம் போலச் சுழன்றது. குறை ஒன்றும் இல்லை. மாதக்கணக்காகக் கிடங்கில் இருக்கப்போகிற இரும்பு துருப்பிடிக்கக் கூடாதென்று பூசி அனுப்பிய கிரீஸ், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் புதுக் கைத்துப்பாக்கி வாங்கினால் 200 தோட்டாவாவது சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள். அது நமக்குக் கட்டுப்படியாகாது. ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பது லைசன்சிலேயே எழுதியிருக்கிறது. விலையும் கையைக் கடிக்கும். அதனால் அவர்கள் சுட்டுக் கண்டுபிடிப்பதை நாம் கண்ணாலும் விரலாலும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் முடியும். முதலில் சுத்தம் செய்யுங்கள், அப்புறம் குறை சொல்லுங்கள், அதற்கும் அப்புறம் சுடுங்கள். இந்த வரிசை மாறினால்தான் வம்பு.

நான் இங்கே பேசுவது கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர் வகையைப் பற்றி. பழைய வெப்ளி ரிவால்வரின் வழியில் வந்தது. கட்டை விரலால் பூட்டுக் கொக்கியான லாட்ச்சை அழுத்தினால் குழலான பேரலும் சிலிண்டரும் முன்னால் மடங்கும், தோட்டா உட்காரும் ஆறு அறைகளும் மேலே தெரியும். 9 மி.மீ., .38 போன்ற குழல் அளவுகள் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை என்பதால், தற்காப்புக்கு லைசன்ஸ் வாங்குபவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது .32-இல்தான். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். .32 பிஸ்டல்காரர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் பிற்பாடு சொல்கிறேன்.

எதற்கும் முன்னால்: காலியா என்று பாருங்கள்

கடைக்காரர் காலி செய்துதான் கொடுத்தார், நேற்று நானேதான் பார்த்தேன், இந்தப் பேச்சே வேண்டாம். கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும்.

விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே இருக்கட்டும். குழல் வாய் ஆள் இல்லாத பக்கம் இருக்கட்டும். மாடி வீட்டில் தரையைக் காட்டினால் கீழ்வீட்டுக்காரர் தலையைக் காட்டுவதாக அர்த்தம். ஒரு பெரிய வாளியில் மணல் நிரப்பி அதைக் காட்டுங்கள். லாட்ச்சை அழுத்தித் திறங்கள். ஆறு அறைகளையும் கண்ணால் எண்ணுங்கள், பிறகு சுண்டு விரலால் தொட்டு எண்ணுங்கள். பளபளக்கும் பித்தளை மங்கிய வெளிச்சத்தில் கண்ணை ஏமாற்றும், விரலை ஏமாற்றாது. தோட்டா டப்பா வீட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே இருக்கக் கூடாது. வேறு அறையில் பூட்டி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். கதவைச் சாத்துங்கள், போனை அணைத்து வையுங்கள். குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கும் கூடத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, வாங்கும்போதே கடையில் செய்ய வேண்டியது. உடம்பில் பொறித்த வரிசை எண்ணை பில்லிலும் லைசன்சிலும் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரே ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் அதைத் திருத்த நீங்கள் எத்தனை படி ஏறி இறங்குவீர்கள் என்று சொல்ல முடியாது.

கைவசம் வேண்டியவை

.32 அளவு வெண்கலக் கம்பி பிரஷ், அதற்கேற்ற பித்தளை அல்லது பூச்சுப் பூசிய கம்பி, கன் ஆயில், துப்பாக்கிக்கென்றே விற்கும் கரைப்பான் (சால்வென்ட்), நைலான் பல்துலக்கி, டார்ச். துணிக்குப் பழைய பருத்தி வேட்டியை மிஞ்சியது இல்லை. பஞ்சு இழையாமல் வரும். ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்குச் சதுரமாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு மெல்லிய அளவுத் தகடுகள் கோத்த ஒரு ஃபீலர் கேஜ். டூவீலர் மெக்கானிக் பிளக் இடைவெளி பார்க்க வைத்திருப்பாரே, அதேதான். கேஜைக் கடன் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். துப்பாக்கியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் கதவுக் கீலிலிருந்து தையல் மெஷின் வரை அதுதான் மருந்து, அதே கையோடு துப்பாக்கிக்கும் போட்டு விடுகிறார்கள். அது ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உறைந்துவிடும். ஊட்டியில் ஒரு டிசம்பர் இரவுக்கு உங்கள் ரிவால்வரின் உள்ளே மெழுகு அடைத்து வைத்ததைப் போல ஆகும். சமவெளியில் இருந்தாலும் நாளாக நாளாகக் காறிப் பிசினாகும்.

"எல்லாமே ஒட்டுகிறது, சிலிண்டர் சுற்ற மறுக்கிறது"

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்லும் முதல் புகார் இதுதான். பதில் மேலே சொன்னதுதான்: கிரீஸ்.

முதலில் உலர்ந்த துணியால் வெளியே உள்ளதை வழித்து எடுங்கள். பிறகு சால்வென்ட்டைப் பல்துலக்கியில் தொட்டு சிலிண்டரின் முன் முகம், பின் முகம், பேரலின் பின்வாய், லாட்ச் உட்காரும் இடம், கீல், தோட்டாவை அடிக்கும் சுத்தியான ஹேமர் முன்னும் பின்னும் போய்வரும் பள்ளம் ஆகிய இடங்களைத் தேய்க்கவும். தொட்டுத்தான் போட வேண்டும், ஊற்றக் கூடாது. ஊற்றினால் கரைந்த கிரீஸ் உள் விசைப் பகுதிக்குள் இறங்கி அங்கே போய்க் கூடு கட்டும்.

பேரலுக்குள் போகும்போது துப்பாக்கியைத் திறந்த நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். மடங்கித் திறக்கும் வகைக்கு இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பேரலிலிருந்து கரைந்து வரும் அழுக்கு ஹேமர் பக்கம் விழாது. சிலிண்டரின் ஒரு அறையைப் பேரலுக்கு நேராகக் கொண்டுவந்து, சால்வென்ட் நனைத்த துணியைக் குழல் வாயிலிருந்து தள்ளுங்கள். அது பேரலைக் கடந்து அறைக்குள் போய் நிற்கும். பிரஷ் போடும்போதும் அப்படியே: முழுக்க அந்தப் பக்கம் வெளியே போன பிறகே திருப்பி இழுக்க வேண்டும். பாதி வழியில் திருப்பினால் பிரஷ்ஷின் முட்கள் மடங்கிக் கெட்டுவிடும். கம்பி குழல் வாயின் விளிம்பில் உரசாமல் இரண்டு விரலால் அணைத்துப் பிடியுங்கள். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த விளிம்பு. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் குறி பிசகும்.

ஆறு அறைகளையும் தனித்தனியாகத் துடையுங்கள். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை. அதன் பின் ஒரு துளி எண்ணெய் தொட்ட துணியை ஓட்டிவிட்டு, அதற்கும் பின் உலர்ந்த துணி. சுடப்போகும் பேரலும் அறைகளும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். கெட்டிக் கிரீஸ் அடைத்த பேரலில் சுட்டால் குண்டுக்கு முன்னால் தடை இருப்பதாக அர்த்தம், அழுத்தம் ஏறும். துடைத்த துணியில் ஒன்று உள்ளேயே சிக்கிவிட்டாலும் அதே ஆபத்து. எத்தனை துணி உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று எண்ணுவது ஆபரேஷன் தியேட்டரில் பஞ்சு எண்ணுவதைப் போன்றது. நான் இன்றைக்கும் எண்ணுகிறேன்.

எண்ணெய் எங்கே? கீலில் ஒரு துளி, சிலிண்டர் சுற்றும் அச்சில் ஒரு துளி, லாட்ச் உரசும் இடத்தில் ஒரு பூச்சு. போதும்.

"டிரிகர் கனமாக இருக்கிறது, நறநறவென்கிறது"

இரண்டும் வேறு வேறு புகார்கள். பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஹேமரைப் பின்னால் இழுக்காமல் நேரடியாக டிரிகரை இழுத்தால், அந்த ஒரே இழுப்பு ஹேமரைத் தூக்கி, சிலிண்டரைச் சுற்றி, பூட்டி, பிறகு ஹேமரை விடுகிறது. கனமாகத்தான் இருக்கும். இருக்கவும் வேண்டும். பதற்றத்தில் விரல் பட்டுவிட்டால் வெடிக்காமல் காப்பாற்றுவதில் அந்தக் கனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. "கொஞ்சம் லேசாக்கிக் கொடுங்கள்" என்று யாரிடமும் கேட்காதீர்கள். ஸ்பிரிங்கை வெட்டுவது, தேய்ப்பது எல்லாம் துப்பாக்கியைக் கெடுக்கும். சட்டத்திலும் சிக்க வைக்கும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஆயுதம் பழுதுபார்க்கும் தொழிலுக்கே லைசன்ஸ் வேண்டும் என்கிறது. பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அவர் வேலை இது இல்லை.

நறநறப்பு வேறு. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். சிலிண்டரின் வெளிப்புறத்தில் ஒவ்வொரு அறைக்கும் சின்னத் தாள் ஒட்டி 1 முதல் 6 வரை எண் எழுதுங்கள். அறைகளில் ஸ்னாப் கேப் எனப்படும் போலித் தோட்டாக்களைப் போடுங்கள். வெறும் அறையில் திரும்பத் திரும்ப அடித்தால் தோட்டாவைக் குத்தும் ஊசிக்கு நல்லதல்ல. போலித் தோட்டாவை எப்போதும் தனி டப்பாவில், நிஜத் தோட்டாவோடு ஒருக்காலும் சேராமல் வைக்க வேண்டும். இப்போது மணல் வாளியைக் காட்டி, டிரிகரை மிக மெதுவாக, எறும்பு ஊர்வது போல இழுங்கள். எங்கே நறநறக்கிறது என்று எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். மூன்று சுற்று, பதினெட்டு இழுப்பு.

ஆறிலும் ஒரே மாதிரி நறநறத்தால் உள் விசையில் கிரீஸோ, உற்பத்தியில் தங்கிய பொடி உலோகமோ இருக்கலாம். பெரும்பாலும் சுத்தம் செய்து போலித் தோட்டாவோடு நூறு நூற்றைம்பது இழுப்புக்குப் பிறகு பழகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் 4ஆம் எண்ணில் மட்டும் முரண்டினால் அது பழக்கத்தால் சரியாகிற விஷயம் இல்லை. சிலிண்டரின் பின்னால் உள்ள பல்லிலோ, பூட்டும் பள்ளத்திலோ அந்த இடத்தில் பிசிறு இருக்கிறது. அந்தத் தாளை ஒட்டியபடியே கடைக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள். "ஏதோ சரியில்லை" என்று சொல்பவரைவிட "நான்காவது அறையில், ஹேமர் பாதி தூக்கும்போது" என்று சொல்பவருக்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

"சிலிண்டர் ஆடுகிறது"

ஹேமர் கீழே, டிரிகர் விட்ட நிலையில் கொஞ்சம் ஆடலாம். முக்கியம் சுடும் கணத்தில் அது பூட்டியிருக்கிறதா என்பது. அதற்கு: ஒரு விரலை சிலிண்டர் மேல் லேசாக அழுத்தி, சுற்றுவதற்குக் கொஞ்சம் தடை கொடுத்துக்கொண்டே ஹேமரை மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் கடைசியில் போய் நிற்பதற்கு முன்னாலோ, நிற்கும்போதோ சிலிண்டர் "டிக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறையிலும். ஹேமர் நின்ற பிறகும் விரலால் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால் அந்த ரிவால்வரைச் சுடாதீர்கள்.

பிறகு ஃபீலர் கேஜ். மூடிய நிலையில் சிலிண்டரின் முகத்துக்கும் பேரலின் பின்வாய்க்கும் நடுவே 0.10 முதல் 0.25 மி.மீ. வரை இடைவெளி இருப்பது இயல்பு. 0.10 தகடு நுழைகிறது, 0.25 நுழையவில்லை என்றால் நிம்மதி. எதுவுமே நுழையாவிட்டால் சில தோட்டாக்கள் சுட்டதும் கரி படிந்து சிலிண்டர் இறுகும். 0.30 தாராளமாக நுழைகிறதென்றால் வாயு பக்கவாட்டில் அதிகம் பீய்ச்சும். நுழைக்கும்போது அமுக்காதீர்கள், தகடு தானாக வழுக்கிப் போக வேண்டும். ஆறு அறைகளையும் திருப்பித் திருப்பி அளந்து பாருங்கள். ஒரு அறையில் 0.12, எதிரே உள்ளதில் 0.22 என்று வந்தால் சிலிண்டரின் முகம் நேராக இல்லை, அல்லது அச்சு கோணல்.

"லாட்ச் சரியாக மூடவில்லை"

மடங்கித் திறக்கும் துப்பாக்கியின் உயிரே அந்த லாட்ச்தான். வெடிக்கும் விசை முழுவதையும் கீலும் லாட்ச்சும் மட்டுமே தாங்குகின்றன.

லாட்ச் மேலே பாதியில் நின்றால் முதலில் அது உட்காரும் பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். துணி நுழையாத மூலையில் கிரீஸ் கெட்டியாகி ஆப்பு மாதிரி நிற்கும். பல்குத்தும் குச்சி போதும், இரும்பு ஊசி வேண்டாம். சுத்தம் செய்தபின் மூடி, வலது கையில் பிடியையும் இடது கையில் பேரலையும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். புதுத் துப்பாக்கியில் கண்ணுக்குத் தெரியும் அசைவோ, காதுக்குக் கேட்கும் "டக்"கோ கூடாது. இருந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், இதில் சமரசமே கிடையாது.

சினிமாவில் போல மணிக்கட்டை உதறி "சடக்" என்று மூடும் பழக்கம் சிலருக்கு வாங்கிய அன்றே வந்துவிடுகிறது. ஒவ்வொரு உதறலும் கீலிலும் லாட்ச்சிலும் விழும் சுத்தியல் அடி. இரண்டு கையாலும் மூடுங்கள்.

"தோட்டா உள்ளே போகமாட்டேன் என்கிறது" அல்லது "ரொம்பத் தளர்வாகப் போகிறது"

உள்ளே போகாவிட்டால் அறையில் கிரீஸ். தளர்வாகப் போனால் கொஞ்சம் பயப்படுங்கள். நம் ரிவால்வருக்கு உரியது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். 1896இல் வந்த தோட்டா, கேஸ் எனப்படும் பித்தளைக் கூட்டின் நீளம் ஏறக்குறைய 23 மி.மீ. பிஸ்டலுக்கு உரிய .32 ஏ.சி.பி. தோட்டாவின் கேஸ் 17 மி.மீ.தான். இரண்டுக்கும் "பாயிண்ட் தர்ட்டி டூ" என்றே பெயர், தடிமனும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் பிஸ்டல் தோட்டா ரிவால்வர் அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் அதன் அழுத்தம் அதிகம். ரிவால்வரில் அதைச் சுடக் கூடாது. டப்பாவின் மேல் எழுதியிருப்பதையும் கேஸின் அடியில் பொறித்திருப்பதையும் படித்துப் பாருங்கள்.

"டொக் என்றது, வெடிக்கவில்லை"

இது ரேஞ்சில், அதாவது சுடும் களத்தில் வரும் புகார். முதலில் செய்ய வேண்டியது எதுவும் செய்யாமல் இருப்பது. குழல் வாய் இலக்கையே பார்த்தபடி முப்பது நொடி எண்ணுங்கள். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மெதுவாகப் பற்றி, தாமதமாக வெடிப்பது உண்டு. அவசரப்பட்டு மறுபடி டிரிகரை இழுத்தால் அந்தத் தோட்டா பேரலுக்கு நேரே இருக்காது, பக்கத்து அறைக்கு நகர்ந்திருக்கும். அங்கே அது வெடிப்பதை நினைத்துப் பாருங்கள். முப்பது நொடி கழித்துத் திறந்து, அந்தத் தோட்டாவின் பிரைமரைப் பாருங்கள். அதன் முகத்தில் எல்லாம் எழுதியிருக்கும்.

ஆழமாக, நட்ட நடுவே குழி இருந்தால் துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது. தோட்டாதான் குறை.

குழி மேலோட்டமாக இருந்தால் ஹேமர் முழு வேகத்தில் வந்து அடிக்கவில்லை. ஹேமர் பள்ளத்தில் கிரீஸ், ஊசி நுழையும் துளையில் அழுக்கு, அல்லது மலைப்பகுதியில் உறைந்த எண்ணெய். சுத்தம் செய்த பின்னும் இதே குழிதான் என்றால் ஸ்பிரிங் பலவீனம், அது துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர் வேலை.

குழி ஓரத்தில் விழுந்திருந்தால் அடிக்கும் நொடியில் அறை பேரலுக்கு நேராக நிற்கவில்லை. மேலே சொன்ன "டிக்" சோதனைக்குத் திரும்பிப் போங்கள்.

அதே தோட்டா இரண்டாம் முறை வெடித்தால் பிரைமர் உள்ளே முழுக்க அழுந்தாமல் துருத்திக்கொண்டிருந்திருக்கலாம். முதல் அடி அதை உள்ளே தள்ளியது, இரண்டாம் அடி வெடிக்க வைத்தது. அந்த டப்பாவில் உள்ள மற்றவற்றையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பிரைமர் கேஸின் மட்டத்திலோ ஒரு மயிரிழை உள்ளேயோ இருக்க வேண்டும்.

ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், நகைக்கடை வைத்திருந்தவர், தோட்டாவும் இரும்புதானே என்று துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் எண்ணெயில் துடைத்து டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். இரண்டு வருடம் கழித்து ரேஞ்சுக்கு எடுத்து வந்தார். ஆறில் நான்கு "டொக்". எண்ணெய் பிரைமரின் ஓரம் வழியாகக் கசிந்து உள்ளே இருந்த மருந்தைக் கெடுத்துவிட்டது. தன்னைக் காப்பாற்றும் என்று நம்பி இரண்டு வருடம் தலைமாட்டில் வைத்திருந்த தோட்டாக்கள் அவை. அன்று அவர் முகம் எப்படிப் போனது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோட்டாவில் எண்ணெய் படவே கூடாது. துருவை இளக்கும் ஸ்ப்ரேக்கள் இன்னும் மோசம், எந்தச் சந்திலும் ஊடுருவுவதுதான் அவற்றின் குணம். எண்ணெய் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் தோட்டாவைத் தொட வேண்டும்.

"காலி கேஸ் நட்சத்திரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது"

திறக்கும்போது நடுவிலிருந்து நட்சத்திரம் போன்ற தகடு எழுந்து ஆறு கேஸையும் ஒன்றாகத் தூக்கும், உச்சியில் போய் "சட்"டென்று கீழே விழும். நீங்கள் மெதுவாகத் திறந்தால் பாதி வெளியே வந்த ஒரு கேஸ் திரும்ப அறைக்குள் விழுந்து, அதன் விளிம்பு தகட்டுக்கு அடியில் போய்விடும். பிறகு மூடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. இது குறை இல்லை, கைப்பழக்கம். ஒரே மூச்சில் முழுவதும் திறந்து, திறக்கும்போதே துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்தால் கேஸ்கள் தாமாக விழும். மாட்டிக்கொண்டால் தகட்டை விரலால் தூக்கிப் பிடித்து, மரக்குச்சியால் கேஸை எடுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் தகடு வளையும். அது வளைந்தால் சிலிண்டர் சுற்றுவதும் கெடும், ஏனென்றால் சிலிண்டரைச் சுற்ற வைக்கும் பல்லும் அதன் முதுகில்தான் இருக்கிறது.

தகட்டை உயர்த்தி அதன் அடியையும் துடையுங்கள். எரியாத மருந்துத் துகள் நாலைந்து அங்கே தங்கினாலே சிலிண்டர் இறுகும்.

"பக்கவாட்டில் பொடி தெறிக்கிறது"

கொஞ்சம் புகையும் சூடும் எல்லா ரிவால்வருக்கும் உண்டு, அதனால்தான் இடைவெளிக்கு அருகே விரலை வைக்கக் கூடாது. கண்ணாடி அணியாமல் சுடவும் கூடாது. ஆனால் பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் ஈயத் துணுக்கு குத்தினால், அறை நேராக நிற்காமல் குண்டின் ஓரத்தைப் பேரலின் விளிம்பு சீவுகிறது. உடனே நிறுத்துங்கள். பேரலின் பின்வாயில் ஒரு பக்கம் மட்டும் ஈயம் பளபளவென்று அப்பியிருக்கும், அதுவே சாட்சி.

"துணியில் பழுப்பு, பச்சை, சாம்பல்"

பிசுபிசுத்த பழுப்பு கிரீஸ். மணல் போல நெருடும் செம்பழுப்பு துரு. புதுத் துப்பாக்கியில் மேலோட்டமாக இருந்தால் எண்ணெய் தொட்ட துணியாலும் நைலான் பிரஷ்ஷாலும் போய்விடும். விரல் நகம் தடுக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். சாம்பல் பளபளப்பு ஈயம். பச்சை நிறம் வெண்கல பிரஷ்ஷிலிருந்தே கூட வரலாம், சால்வென்ட் அதையும் கரைக்கும். முதல் நாள் பச்சையைப் பார்த்துப் பயந்து விடிய விடியத் தேய்த்தவர்கள் உண்டு. அமோனியா கலந்த சால்வென்ட்டை நிக்கல் பூச்சு மேல் விட்டுவைக்காதீர்கள், பூச்சு உரியும்.

தோல் உறையில் வைத்துப் பீரோவில் பூட்டுவதுதான் நம் ஊரில் துருவுக்கு முதல் காரணம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கம் ஒரு வாரம் போதும். உறை வெளியே எடுத்துப் போகத்தான். வீட்டில் எண்ணெய் பூசிய துணியில் சுற்றி, பக்கத்தில் சிலிகா ஜெல் பொட்டலம் வைத்து, மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்துத் துடையுங்கள். வியர்வைக் கை பட்டாலும் அன்றே துடைக்க வேண்டும்.

.32 பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு

காலி செய்யும் வரிசையை மனப்பாடம் செய்யுங்கள்: முதலில் தோட்டா அடுக்கிய மேகசின் வெளியே, பிறகு மேல்பாகமான ஸ்லைடை இழுத்து அறையைப் பார்ப்பது. மாற்றிச் செய்தால், ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினிலிருந்து புதுத் தோட்டா ஒன்று அறைக்குள் ஏறிவிடும். பிறகு மேகசினை எடுத்துவிட்டுக் காலி என்று நினைப்பீர்கள்.

ஸ்லைடு முழுக்க மூடாமல் நின்றால் முதலில் கிரீஸ், அடுத்தது அறையில் அழுக்கு. தோட்டா மேகசினிலேயே சிக்கி அசையாமல் நின்றால் விளிம்பைப் பாருங்கள். .32 ஏ.சி.பி.யின் விளிம்பு கேஸைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவும் முந்தையதற்கு முன்னால் விளிம்பு வருமாறு வைத்தால் தீரும். பிரிக்கும்போது ஸ்பிரிங் பாயும், கண்ணாடி அணியுங்கள்.

சுட்டு முடித்து வந்த அன்று

ஈயம் கையோடு வரும். ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள், பிள்ளையைத் தூக்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் துப்பாக்கி துடைக்க வேண்டாம். பழைய செய்தித்தாள் விரித்து, ஜன்னலைத் திறந்து வைத்து, விளக்கு, ஊதுபத்தி இல்லாத இடத்தில் செய்யுங்கள், சால்வென்ட் தீப்பற்றும். அழுக்குத் துணிகளைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

தேர்தல் முடிந்து திரும்பி வந்த துப்பாக்கி

தேர்தல் அறிவித்தால் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். சில மாதம் உங்கள் கைக்கு எட்டாது. கொடுப்பதற்கு முந்தைய நாள் முழுக்கச் சுத்தம் செய்து, பேரலுக்குள்ளும் அறைகளிலும் வழக்கத்தைவிடத் தாராளமாக எண்ணெய் பூசி, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்க்கும். தோல் உறையோடு கொடுக்கவே கொடுக்காதீர்கள். ரசீதில் வரிசை எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே படித்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் அதைப் புதுத் துப்பாக்கியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். மணல் வாளி, ஆறு அறை, சுண்டு விரல். பிறகு பேரலுக்குள் ஓட்டிய முதல் துணியை வெளிச்சத்தில் விரித்து நிறம் பாருங்கள். பூசிக் கொடுத்த எண்ணெய் அப்படியே வந்தால் துடைத்து எடுத்துவிட்டு, உலர்ந்த துணி ஓட்டி வையுங்கள். செம்பழுப்பு நெருடினால் அன்றைக்கே உட்கார்ந்துவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.